தோற்ற சுற்றின் வீடியோவையும் வைத்திருங்கள்

போட்டி முடிந்து ஒரு கிழமை போனால் ரொபோ இருக்காது. ரொபோ செய்யும் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் இது தெரியும். ரொபோவின் மூளையான ஆர்டுயினோ பலகையைக் கழற்றி அடுத்த வேலைக்கு எடுத்துவிடுவார்கள். மோட்டர்கள் இரவல் தந்தவரிடம் திரும்பிப் போகும். பற்றரி யாருடைய டோர்ச்சுக்குள்ளேயோ போய்விடும். பள்ளிக்கூடத்தில் இருக்கிற சாமான் அவ்வளவுதான், அடுத்த வருட அணிக்கும் அதே மோட்டர்தான். கப் கிடைத்திருந்தால் அது அதிபரின் அறை அலுமாரியில் நிற்கும். ரொபோ எப்படி ஓடியது, எந்த வளைவில் தடுமாறியது, ஏன் நின்றது என்பதெல்லாம் யாராவது எடுத்த வீடியோவில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எனக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு சின்ன வீடியோ ஸ்டூடியோ. கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று கமராவோடு ஓடுகிற தொழில். ரொபோ பக்கம் என்னை இழுத்துவந்தது என் பெறாமகள். பள்ளிக்கூட அணியில் அவள் சேர்ந்த பிறகு, போட்டி என்றால் சித்தப்பாதான் கமராக்காரர். அப்படிப் போய்ப் பழகியதில் ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதமே வந்துவிட்டது. போட்டியை முழுசாக எடுக்க வேண்டும், வெட்டாமல் வைக்க வேண்டும், வென்ற சுற்றைவிடத் தோற்ற சுற்றைக் கவனமாக வைக்க வேண்டும்.

பொதுவாக நடப்பது வேறு. போட்டி முடிந்த இரவே ஒரு நிமிட வீடியோ வரும். பின்னால் பாட்டு, நடுவில் ரொபோ இரண்டு செக்கன், பிறகு கைதட்டல், கப், குழுப்படம். பார்க்க நல்லாயிருக்கும், அப்படி நானும் செய்து கொடுப்பேன், பெற்றோருக்கு அது வேண்டும். ஆனால் அடுத்த வருடம் அணிக்கு வரும் ஒரு பிள்ளைக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பாட்டுக்கு அடியில் மோட்டரின் சத்தம் போய்விட்டது. பற்றரி இறங்கும்போது அந்தச் சத்தம் மெல்லத் தணிந்து வரும், பழகின காதுக்கு அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பெறாமகளின் அணி தோற்ற ஒரு சுற்றைச் சொல்கிறேன். கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் ரொபோ அது. வெள்ளை விரிப்பில் கறுப்புக் கோடு. ரொபோவின் வயிற்றடியில் வரிசையாக ஐந்து ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) சென்சர்கள். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும் ஒரு பல்ப், திரும்பி வருவதைப் பிடிக்கும் ஒரு கண். வெள்ளையில் பட்டால் ஒளி திரும்பி வரும், கறுப்பு அதை விழுங்கிவிடும். எந்தக் கண்ணுக்கு ஒளி வரவில்லையோ அதற்குக் கீழே கோடு இருக்கிறது என்று ரொபோ எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் அருமையாக ஓடிய ரொபோ, போட்டி மண்டபத்தில் நேர்கோட்டிலேயே வலப்பக்கம் இழுத்தது. இடது வளைவு வந்தால் திரும்பாமல் வெளியே போனது. மூன்று பேர் கொண்ட அணி, மூன்று பேருக்கும் மூன்று காரணம். புரோகிராமில் பிழை என்றாள் ஒருத்தி. ஒரு மோட்டர் வேகம் குறைவு என்றான் ஒருவன். யன்னலால் விழுந்த வெயில்தான் சென்சரைக் குழப்பியது என்றாள் என் பெறாமகள். வெயிலில் ஐஆர் நிறைய இருப்பதால் அதுவும் நடக்கக்கூடியதுதான்.

பிறகு ஒருநாள் ஸ்டூடியோவில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தோம். நான் எடுத்தது முக்காலியில் வைத்து, மேசை முழுவதும் விழும்படி எடுத்த வீடியோ. பிரேம் பிரேமாக நகர்த்தினால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வெயில் விழுந்த மூலையிலும் சரி, விழாத மூலையிலும் சரி, பிழை ஒரேமாதிரி. இடது வளைவு எல்லாவற்றிலும் வெளியே போகிறது. அப்படியென்றால் காரணம் விரிப்பில் இல்லை, ரொபோவில் இருக்கிறது. எங்கே என்று மட்டும் என்னுடைய வீடியோ சொல்லவில்லை.

அதைச் சொன்னது அண்ணியின் போன். பழைய போன், கை ஆடி ஆடி எடுத்த வீடியோ. சுற்றுக்கு முன் மகள் ரொபோவைத் தூக்கி, அடிப்பக்கத்தைத் தாய்க்குக் காட்டிச் சிரிக்கிறாள். அந்த இடத்தில் நிறுத்தினால், சென்சர் வரிசையில் மங்கலான ஊதா நிறப் பொட்டுகள். டிவி ரிமோட்டை அமுக்கிப் போன் கமராவில் பார்த்தால் நுனியில் ஒரு ஊதா வெளிச்சம் தெரியுமே, அதேதான். என் கமராவில் ஐஆரைத் தடுக்கும் வடிகட்டி நல்லது, அதனால் அதில் எதுவும் விழுந்திருக்காது. விலை குறைந்த போனில் விழுந்திருந்தது.

"சித்தப்பா, இஞ்ச பாருங்கோ, நாலுதான் எரியுது" என்றாள் பெறாமகள்.

வலப்பக்கக் கடைசிப் பொட்டு இல்லை. அந்த பல்ப் எரியாததால் அதன் கண்ணுக்கு ஒளி ஒருபோதும் திரும்பி வரவில்லை. வலப்பக்கத்தில் எப்போதும் கோடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ரொபோ முழுச் சுற்றும் ஓடியிருக்கிறது. பலகையை எடுத்து ஈயம் வைத்த இடத்தை நகத்தால் தட்டினாள், பல்பின் கால் ஆடியது. போட்டிக்கு வரும் வழியில் வண்டிக் குலுக்கலில் விட்டிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை அது.

இந்த இரண்டு வீடியோவையும் சேர்த்து, காரணத்தை நாலு வரியில் எழுதி, அணியின் போல்டரில் வைத்தோம். அடுத்த வருடம் வந்த சின்னவர்கள் போட்டிக்குப் போன இடத்தில் முதலில் செய்த காரியம், ரொபோவைக் கவிழ்த்துப் போனைப் பிடித்து ஐந்து பொட்டும் இருக்கிறதா என்று பார்த்தது. யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை, வீடியோவைத்தான் பார்த்தார்கள்.

இதையே பெரிய அளவில் செய்கிற உலகம் ஒன்று இருக்கிறது என்பது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணாவால் தெரியவந்தது. அவருடைய மகன் அங்கே ஃபர்ஸ்ட் ரொபோட்டிக்ஸ் போட்டி அணியில் இருக்கிறான். 1992 இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் 28 அணிகளோடு தொடங்கிய போட்டி அது. சிவப்பு அணியில் மூன்று ரொபோ, நீல அணியில் மூன்று ரொபோ. 2025 இல் அது இரண்டரை நிமிட ஆட்டம், அதில் முதல் 15 செக்கன் ரொபோ தானாகவே ஓட வேண்டும், பிறகுதான் பிள்ளைகள் கையில் எடுப்பார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் புது விளையாட்டு அறிவிப்பார்கள்.

அண்ணா அனுப்பிய லிங்க் த புளூ அலையன்ஸ் என்ற தளத்துக்குப் போனது. தொண்டர்கள் நடத்துகிற தளம். அணிக்குக் கிடைக்கும் எண் வருடாவருடம் மாறாது. அந்த எண்ணை அடித்தால் அணி எந்த வருடம் எந்தப் போட்டியில் எந்த ஆட்டம் ஆடியது, எத்தனை புள்ளி என்று வரிசையாக வருகிறது, வீடியோ கிடைத்த ஆட்டங்களுக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கிறது. வென்ற ஆட்டம், தோற்ற ஆட்டம், ரொபோ நடுவில் செத்துப்போய் நின்ற ஆட்டம், எல்லாம். அங்கே தோல்வியை ஒளித்துவைக்கிற பழக்கமே இல்லை. கலியாண வீடியோவில் வேண்டாத இடங்களை வெட்டியே பழகின எனக்கு அதைப் பார்க்க ஒரு மரியாதை வந்தது.

எங்கள் பிள்ளைகள் அதை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2025 ஆம் ஆண்டு விளையாட்டில் பிவிசி பைப் துண்டுகளை எடுத்து மரக்கிளை போன்ற கம்பிகளில் மாட்ட வேண்டும், உயரமான கிளை 6 அடி. அதற்காகப் பெரும்பாலான ரொபோக்களில் ஒன்றுக்குள் ஒன்று நீண்டு மேலே போகும் தூக்கி இருந்தது. யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை அமுக்கினால் ஒரு பிரேம் முன்னே போகும், காற்புள்ளியை அமுக்கினால் பின்னே போகும். அப்படி நகர்த்தி நகர்த்தி, கயிறு எந்தக் கப்பியைச் சுற்றி எங்கே கட்டியிருக்கிறது என்று கொப்பியில் கீறினார்கள். பிறகு தளபாடக் கடையில் லாச்சிக்குப் போடும் தண்டவாளம் இரண்டு சோடி, மீன்பிடிச் சாமான் கடையில் தங்கூசி, ஒரு சின்ன மோட்டர். பெட்டியைத் தூக்கி வைக்கும் போட்டி ஒன்றுக்கு அந்தத் தூக்கிதான் போனது. அலுமினியச் சட்டமும் விலை கூடிய மோட்டரும் இல்லாமலே வேலை செய்தது.

அங்கே ஆட்டத்தைக் கணக்கெடுக்கிற முறையும் எனக்குப் பிடித்தது. ஆறு பிள்ளைகள் இருப்பார்கள், ஆளுக்கு ஒரு ரொபோ. தன் ரொபோவைத் தவிர வேறு எதையும் பார்க்கக்கூடாது. மூன்று பேர்தான் இருந்தால் வீடியோவை இரண்டு தரம் ஓடவிட்டால் சரி. நேரே மண்டபத்தில் இருந்து பார்ப்பவருக்கு அந்த இரண்டாம் தரம் கிடைக்காது.

இங்கே எங்கள் வீடியோக்கள் எங்கே போகின்றன? பெரும்பாலும் பேஸ்புக் லைவ். யாரோ ஒரு பழைய மாணவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் விருப்பம் போடுவார்கள், அதோடு சரி. அந்தப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 2025 பெப்ரவரி 19 முதல் அப்படி இல்லை. லைவ் வீடியோ 30 நாள் மட்டும் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும் என்று மெட்டா அறிவித்தது. அதற்கு முன் போட்ட பழைய லைவ்களையும் உரியவர்களுக்கு அறிவித்தல் அனுப்பி, இறக்கிக்கொள்ள 90 நாள் கொடுத்து அழிப்பதாகச் சொன்னது. அறிவித்தல் போவது பக்கத்தை நடத்துபவருக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பக்கத்தை நடத்தியவர் வெளிநாடு போய்விட்டார், கடவுச்சொல் இங்கே யாரிடமும் இல்லை. ஆகவே லைவ் போட்ட அன்றைக்கே அந்த வீடியோவை இறக்கி எடுத்துவிட வேண்டும். அதற்குப் பக்க நிர்வாகி ஒருவர் மனம் வைத்தால் போதும்.

யூடியூபில் லைவ் போட்டால் 12 மணித்தியாலத்துக்குக் குறைந்த நேரலை தானாகவே சேமிக்கப்படும். போட்டி ஒன்றுக்கு அது தாராளம். ஆனால் அங்கேயும் விதிகள் மாறும். லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி 2017 க்கு முன் ஏற்றி வைத்திருந்த வீடியோக்களை 2021 யூலையில் யூடியூப் தனிப்பட்டதாக மாற்றியது. உடையவர் அதற்கு முன்பே மறுப்புத் தெரிவித்திருந்தால் ஒழிய, பழைய லிங்க் திறக்காமல் போனது. கணக்கை மறந்துவிட்டவர்கள் போட்ட வீடியோக்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, சுற்றுகளுக்கு நடுவில் மண்டபத்தில் போடும் சினிமாப் பாட்டு. அது வீடியோவில் விழுந்தால் உரிமைக் கோரிக்கை வரும், சில வேளை வீடியோவையே மறைத்துவிடும். ரொபோ ஓடும் நேரத்தில் பாட்டை நிறுத்தச் சொல்லி ஏற்பாட்டாளர்களிடம் நான் தயங்காமல் கேட்கிறேன்.

வட்ஸ்அப் குழுவைச் சேமிப்பு இடமாக நம்ப வேண்டாம். வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்பும். அண்ணியின் வீடியோ வட்ஸ்அப்பில் வந்திருந்தால் அந்த ஊதாப் பொட்டுகள் கரைந்துபோயிருக்கும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் டொகுமென்ட்டாக இணையுங்கள், 2 ஜிபி வரை அசல் அப்படியே போகும்.

எடுக்கும் முறையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குத் தொழில்காரனாக ஒரு சில வார்த்தை. ரொபோவைத் துரத்தித் துரத்தி சூம் பண்ணாதீர்கள். முக்காலியை உயரமாக வைத்து மேசை முழுவதையும், முடிந்தால் நேரம் காட்டும் பலகையையும் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். விரிப்பு வெள்ளையாக இருப்பதால் கமரா தானாக இருட்டாக்கும், வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், ஷட்டரை 50 இல் ஒன்று அல்லது 100 இல் ஒன்று வைத்தால் டியூப்லைட் சிமிட்டல் விழாது. செக்கனுக்கு 25 பிரேம் எடுத்தால், செக்கனுக்கு ஒரு மீற்றர் ஓடும் ரொபோ ஒரு பிரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 4 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 50 பிரேம் என்றால் 2 சென்ரிமீற்றர். கோட்டை விட்ட இடத்தைத் தேடும்போது அந்த வித்தியாசம் பெரிது.

கொம்பியூட்டரில் ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள் போட்டுப் பதிவு செய்கிறவர்கள் எம்கேவி வடிவத்தில் பதியுங்கள். வழக்கமான எம்பி4 கோப்பில், எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும், நடுவில் கரண்ட் போனால் கோப்பு திறக்காது. எம்கேவி என்றால் போன நிமிடம் வரை இருக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றலாம், தரம் குறையாது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இடம் பற்றாது என்று சொல்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். நல்ல தரத்தில் 1080பி வீடியோ மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 3.6 ஜிபி. காலை முதல் பின்னேரம் வரை ஆறு மணித்தியாலம் என்றால் 22 ஜிபி. ஒரு கலியாண வீட்டுக்கு நான் எடுப்பது இதைவிட எத்தனையோ மடங்கு. ஒரு பிரதி பள்ளிக்கூடத்தில் ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று யூடியூபில், ஒன்று ஊருக்கு வெளியே. எங்களுடைய மூன்றாவது பிரதி ஸ்காபரோவில் அண்ணாவின் வீட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து சாமத்தியவீட்டுக் கசெற்றுகளை அவருக்கு அனுப்புவோம். பூஞ்சணம் பிடித்த அந்தக் கசெற்றுகளை இப்போது என்னிடம் கொண்டுவந்து, ஏதாவது தெரியுமா என்று கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்த பழக்கத்தில்தான் பிரதி பிரதி என்று நிற்கிறேன்.

பெயர் வைப்பதும் முக்கியம். வீடியோ ஒன்று, வீடியோ இரண்டு என்று இருந்தால் இரண்டு வருடத்தில் யாருக்கும் விளங்காது. வருடம், மாதம், திகதி, போட்டி, சுற்று, அணி என்று அந்த ஒழுங்கில் எழுதினால் கொம்பியூட்டர் தானாகவே வரிசைப்படுத்தும்.

பெற்றோரின் பயம் ஒன்று இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். பெண் பிள்ளையின் முகம் இணையத்தில் போகக்கூடாது என்று ஒரு தாய் என்னிடம் நேரே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் பெயரைத் தலைப்பில் போட வேண்டியதில்லை, கருத்துப் பகுதியை மூடி வைக்கலாம், மேசையை மட்டும் சட்டத்தில் வைத்தால் கையும் ரொபோவும்தான் தெரியும். கற்றுக்கொள்ள அதுவே போதும். முகம் தெரிகிற பிரதி பள்ளிக்கூடத்தோடு நிற்கட்டும்.

மற்றவர்கள் போட்ட வீடியோவை இறக்கிவைப்பது வேறு கதை. யூடியூபின் விதிப்படி, அவர்கள் தருகிற பொத்தானாலோ உரியவரின் அனுமதியோடோதான் இறக்கலாம். அந்தப் பொத்தானால் இறக்குவதும் ஆப்புக்குள்ளேயே இருக்கும், கோப்பாக வெளியே வராது. எனவே கேட்டு எடுங்கள். ஒன்ராறியோவில் ஓர் அணிக்கு என் பெறாமகள் மின்னஞ்சல் எழுதி, யாழ்ப்பாணத்தில் படிக்கிறோம், உங்கள் தூக்கியின் வீடியோ வேண்டும் என்று கேட்டாள். அசல் கோப்போடு வரைபடமும் அனுப்பினார்கள்.

1981 இல் நூலகம் எரிந்த ஊர் இது. அதன் பிறகு வந்தவர்கள் 2005 இல் நூலகம் என்ற பெயரிலேயே இணையத்தில் தொடங்கி, ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பள்ளிக்கூட மலர்களையும் வருடி ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த மலர்களில் எங்கள் தாத்தாமாரின் விளையாட்டுப் போட்டி முடிவுகள்கூட இருக்கின்றன. இன்றைக்குப் பிள்ளைகள் செய்கிற ரொபோக்களுக்கு அப்படி ஒரு மலர் கிடையாது. வீடியோதான் அவர்களுடைய மலர், அதைத் தொகுக்க வேண்டியது நாங்கள்.

யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ நடந்த பழைய ரொபோ போட்டி ஏதாவது உங்கள் போனில், மெமரி கார்ட்டில் கிடந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். பணம் வேண்டாம், உங்கள் முன்னாலேயே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன். அணியின் பெயர் நினைவில்லாவிட்டால் வருடத்தையும் மண்டபத்தையும் மட்டும் சொல்லுங்கள். திரை உடைந்த போன் என்றாலும் சார்ஜ் ஏறினால் கொண்டுவாருங்கள், உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்கலாம். நல்லூர்த் திருவிழா நாட்களில் மட்டும் பின்னேரம் கடையில் இருக்க மாட்டேன்.